விட்டுப்போன ஓர் எழுத்து

செவ்வாய் இரவு ஏழு மணி, கிரிம்ஸ்பி.
சலவைக்கடைக்கு மேலே ஓர் அறை.
கீழே இயந்திரங்கள் சுழல்வதால்
என் வெள்ளைப்பலகை லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும்.
மீன் ஆலையிலிருந்து நேராக வருகிறார்கள்,
எலுமிச்சை சோப்பில் மூன்று முறை கழுவிய கைகளோடு.
மூன்று முறை போதாது.

எனக்கு இருபத்தாறு வயது.
பகலில் செருப்புக்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருப்பேன்.
இந்த மொழிக்குள் பிறந்துவிட்டேன் என்பதைத் தவிர
இதைச் சொல்லித்தர வேறு தகுதி கிடையாது.
மென்று விழுங்கத் தெரியும்.
குடலை வரைந்து காட்டு என்றால்?

எவரிஸ்டோ இரண்டு மாதமாக ஃபோர்மேனிடம்
'ஐ ஆம் போரிங்' என்று சொல்லி வந்திருக்கிறார்.
எனக்குச் சலிப்பாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு
நான் ஓர் அறுவை, நான் ஓர் அறுவை என்று.
ஃபோர்மேன் ஒருமுறைகூட மறுக்கவில்லையாம்.

"பஸ்ஸுக்கு ஆன். காருக்கு இன். ஏன் மிஸ்?"
நான் விழித்தேன்.
ஷிலான்தான் பதில் சொன்னாள்:
"எழுந்து நின்றால் தலை இடிக்குமா? அப்போ இன்."
ரயில் தேறியது. விமானம் தேறியது.
கப்பல்கூட வந்து சட்டத்துக்குள் நின்றது.
"துடுப்புப் படகு?" என்றார் எவரிஸ்டோ,
"தலைக்கு மேல் வானம்தானே, அதற்கு ஏன் இன்?"
ஷிலான் பேனா மூடியைக் கழற்றினாள், மாட்டினாள்.
"எழுந்து நின்றால் கவிழும்," என்றாள்.
யாரும் அடுத்த கேள்வி கேட்கவில்லை.
பலகையில் எழுதிக்கொண்டேன்:
நிற்க முடியாத இடம், இன்.
எந்த இலக்கணப் புத்தகமும் இதை ஒப்புக்கொள்ளாது.

வல்டிஸ் எதுவும் கேட்பதில்லை.
கடைசி வரிசை, சாயம்போன பச்சைத் தொப்பி.
அவருடைய மொழியில் 'எ' இல்லை, 'தி' இல்லை.
பெயர்ச்சொற்கள் எல்லாம்
குளிரில் வெறுங்காலோடு நடக்கும்.

வீட்டுப்பாடம்: உங்களைப் பற்றி ஐந்து வாக்கியங்கள்.

ஐ லிவ் இன் ஃப்ளாட்.
ஐ டிரைவ் ஃபோர்க்லிஃப்ட்.
ஐ ஹேவ் டாட்டர் இன் ரீகா.

சமையலறை மேசையில், டீ ஆறிக்கொண்டிருக்க,
ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் ஓர் 'எ' நுழைத்தேன்.
பட்டன் தைப்பது போல, விறுவிறுவென்று.

நான்காவது:
ஐ ஹேவ் ஃப்யூ ஃப்ரெண்ட்ஸ் ஹியர்.

பேனா நின்றது.

'எ' இருந்தால்
நண்பர்கள் சிலர் உண்டு, பரவாயில்லை,
சனிக்கிழமை யாராவது கதவைத் தட்டுவார்கள்.
'எ' இல்லையென்றால்
ஒரு கை விரலில் எண்ணினாலும் விரல் மிஞ்சும்.
எங்கள் அரிச்சுவடியின் முதல் எழுத்து.
குழந்தைகள் ஆப்பிள் வரையும் எழுத்து.

வழக்கம்போல மறந்துவிட்டாரா,
அல்லது பக்கம் முழுக்க
இந்த ஒரு வரியை மட்டும்
பிழையில்லாமல் எழுதியிருக்கிறாரா?

ஐந்தாவது வாக்கியம் சூப் பற்றியது.
உதவவில்லை.

திருத்தினால் அவருக்கு நான்
நண்பர்களை இட்டுக்கட்டித் தருகிறேன்.
திருத்தாவிட்டால்
இருப்பவர்களையும் விரட்டிவிடுகிறேன்.
நோட்டை மூடினேன். மறுபடி திறந்தேன்.
அந்த இடத்தில் சிவப்பு மை ஒரு புள்ளியாக ஊறியிருந்தது.

அடுத்த செவ்வாய், மாடிப்படியில் நிறுத்திக் கேட்டேன்:
"நாலாவதில் ஓர் 'எ' விட்டுப்போச்சா?"
வெகுநேரம் பார்த்தார்,
என்னையல்ல, புள்ளியை.
வகுப்பில் ஒருநாளும் கழற்றாத தொப்பியைக் கழற்றினார்.

"எது சரி?"

"இலக்கணப்படி இரண்டும் சரி."

கீழே ஓர் இயந்திரம் சுழன்று ஓய்ந்து மணியடித்தது.
நோட்டை மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"அப்போ அடுத்த வாரம் சொல்றேன்."